ஒரு 'த' கூடிப்போன சாக்கு

'புழுத் தீவனம்' என்று அச்சாக வேண்டிய சாக்கில் 'புழுத்த தீவனம்' என்று அச்சாகிவிட்டது. அதைப் பார்த்துப் பயந்து, நம் சங்கத்துப் பண்ணைக்கார அக்கா ஒருவரின் முட்டையை இப்போது யாரும் எடுப்பதில்லை. நாளைக் காலை கறிக்கடை லாரி வந்து, முட்டையிட்டுக்கொண்டிருக்கும் அவர் கோழிகளை ஏற்றிக்கொண்டு போகப் போகிறது. நடந்தது இதுதான். முதலில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நம் சங்கத்தில் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும் என்பதால் முந்திக்கொண்டேன்.

இப்போது வணக்கம்.

மின்விசிறிக்கு நேர் கீழே, நீதியின் நாற்காலியில் நிதானமாக வீற்றிருக்கும் எங்கள் கோழிப்பண்ணையாளர் சங்கத்தின் தலைவர் அவர்களே! தலைவர் தலையசைப்பதற்கு முன்பே தலையசைத்து முடித்துவிடும் செயலாளர் அவர்களே! தவிட்டின் விலை ஏறியதை எல்லாம் கண்ணாரக் கண்டு, இறங்குவதையும் ஒருநாள் காண்போம் என்று காத்திருக்கும் மூத்த பண்ணையாளப் பெருமக்களே! கோழி கூவும் முன் எழுந்து, கோழி அடைந்த பின் அமர்ந்து, குஞ்சுக்கும் குழந்தைக்கும் ஒரே கையால் தண்ணீர் காட்டும் தாய்மார்களே! முன்வரிசையில் முகத்தை முறைப்பாக வைத்திருக்கும் முட்டை மொத்த வியாபாரி அண்ணன் அவர்களே! பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கதவோரம் நிற்கும் அன்புத் தம்பிமார்களே! என் குரல் கடைசி வரிசை வரை கேட்கும் என்று வாக்குக் கொடுத்து வாடகை வாங்கிய மைக்செட் அண்ணன் அவர்களே! உங்கள் அனைவருக்கும், உங்கள் அனைவரின் கோபத்துக்கும், என் கனிந்த வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். தீவன வியாபாரி. மூட்டை தூக்க வந்து, மூட்டை விற்கத் தொடங்கியவன். உங்களில் பலர் என்னிடம் தீவனம் வாங்கியிருக்கிறீர்கள். எல்லோருமே என்னிடம் பேரம் பேசியிருக்கிறீர்கள். இன்று இந்தச் சங்கத்தின் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. 'இந்த வியாபாரியின் புழு கலந்த தீவனத்தை எந்த உறுப்பினரும் வாங்கக் கூடாது. அதைப் போட்ட பண்ணையின் முட்டையை எந்த வியாபாரியும் எடுக்கக் கூடாது.' இன்னும் சற்று நேரத்தில் அதற்குக் கை தூக்கப் போகிறீர்கள். தூக்குங்கள். தூக்குவதற்கு முன் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டுமா என்று தலைவரிடம் கேட்டேன். பெரிய மனது பண்ணினார். 'சுருக்கமா பேசுய்யா' என்றார். அந்த ஒன்றை மட்டும் என்னால் செய்ய முடியாது.

அன்பர்களே! ஏன் புழு? எதற்காகப் புழு? எத்தனையோ பண்டம் இருக்க, இந்தப் பாவி ஏன் புழுவிடம் போனான்?

மீன்தூளால் போனேன். முட்டையிடும் கோழிக்குப் புரதம் வேண்டும். அதற்காக மீன்தூள் வாங்கினேன். மூட்டையைப் பிரித்தால் பாதி மீன், பாதி மணல். கோழிக்கு இரைப்பையில் அரைப்பதற்குக் கொஞ்சம் மணல் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் மீன் விலைக்கு மணல் வேண்டும் என்று எந்தக் கோழியும் என்னிடம் கேட்டதில்லை. சரி, சோயாப் புண்ணாக்குக்குப் போவோம் என்றால், அது கப்பலில் வருகிறது. எங்கோ ஒரு கடலில் ஒரு கப்பல் நின்றால், இங்கே நம் கொட்டகையில் முட்டை நிற்கிறது. முகம் தெரியாத ஒரு கப்பல்காரன் வருவானா மாட்டானா என்று நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். என் வீட்டம்மா கூட எனக்காக அப்படிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்கே ஓர் ஈயைக் காட்டினார்கள். கறுப்புப் படைவீரன் ஈ என்று பெயர். பெயரைக் கேட்டதும் கொஞ்சம் மரியாதையாக நின்றேன்.

இது உங்கள் வீட்டு ஈ அல்ல, தாய்மார்களே! சோற்றில் உட்காராது. காதோரம் பாடாது. தூங்குகிறவன் மூக்கைத் தொல்லை செய்யாது. வளர்ந்த ஈ தின்பதே இல்லை. புழுவாக இருந்தபோது தின்றதே அதன் ஆயுளுக்குப் போதும். பறக்கும், ஜோடி சேரும், முட்டை வைக்கும், போய்ச் சேரும். சாப்பாட்டுச் செலவே இல்லாத கல்யாணத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

அந்த முட்டையில் பிறக்கும் புழு இருக்கிறதே! உண்ணும். உறங்காமல் உண்ணும். காய்கறிச் சந்தையில் கழித்துப்போட்ட தக்காளியை உண்ணும். தர்ப்பூசணித் தோலை உண்ணும். முட்டைக்கோஸின் மேல் இலையை உண்ணும். மாடு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதை மனமார உண்ணும். ஊருக்கு நாற்றமாக இருந்ததெல்லாம் அதற்கு விருந்து! தின்று, திரண்டு, கொழுத்து, கறுத்து, பக்குவம் வந்ததும் அதுவாகவே தொட்டியை விட்டு மேலே ஏறும். சரிவாக ஒரு பலகை சாய்த்து வைத்தால் போதும். பலகையில் ஏறி, மறுபக்கம் வைத்திருக்கும் வாளியில் விழும்.

நண்பர்களே, நான் முதுகில் மூட்டை சுமந்தவன். சரக்கை ஏற்றக் கூலி, இறக்கக் கூலி, அடுக்கக் கூலி என்று கொடுத்துக் கொடுத்துக் கை சிவந்தவன். தானாக நடந்து வந்து வாளியில் விழும் சரக்கை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். இன்னொருவனாக இருந்தால் அழுதிருப்பான். நான் வாளி வாங்கப் போய்விட்டேன்.

என்ன, பின்வரிசை அண்ணே? சத்தமாகச் சொல்லுங்கள். நாற்றமா? ஆமாம், தொட்டிப் பக்கம் நாறும். மீன்தூள் மட்டும் என்ன, உங்கள் வீட்டுப் பீரோவில் வைக்கிற மாதிரியா மணந்தது? உட்காருங்கள் அண்ணே.

அந்தப் புழுவைக் காயவைத்தோம், அரைத்தோம். மக்காச்சோளமும் தவிடும் எப்போதும் போல. மீன்தூள் இருந்த இடத்தில் மட்டும் புழுத்தூள். தீவனத்தில் மாறியது அந்த ஒன்றுதான். விற்க வேண்டுமே! எந்த வாசலில் போய் நிற்பது? அக்கா வாசலில் போய் நின்றேன். அதோ, தாய்மார்கள் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். என்னோடு பிறந்த அக்கா அல்ல. என்னை யோசிக்காமல் திட்டும் உரிமை உள்ளவர் என்பதால் அக்கா.

'அக்கா, புதுத் தீவனம் வந்திருக்கு. புழு கலந்தது' என்றேன்.

'செத்ததா, உசுரோடயா?'

'செத்து, காஞ்சு, அரைச்சது.'

'அப்ப அது தூளு. அதை ஏன் புழுன்னு சொல்லிக்கிட்டு வர்ற?'

'ஒளிச்சு வித்தா நாளைக்கு நீங்க கேப்பீங்களே அக்கா.'

'கேப்பேன். செருப்பால கேப்பேன். நாலு மூட்டை இறக்கிட்டுப் போ.'

இது வியாபாரம்! இதல்லவா வியாபாரம்! அந்த வார்த்தை என் மனதில் ஆணியாக இறங்கியது. செருப்பு ஆணிதான் என்று உங்களுக்கே தெரியும். அன்றே முடிவு செய்தேன். ஒளிக்கக் கூடாது, மறைக்கக் கூடாது, மழுப்பக் கூடாது. உள்ளே இருப்பது எதுவோ, அதைச் சாக்கின் மேல் ஊரே படிக்கிற அளவுக்குச் சிவப்பு எழுத்தில் போட வேண்டும். 'புழுத் தீவனம்.'

கோழிகளுக்கு எழுத்தைப் பற்றிக் கவலை இல்லை. தொட்டியில் தலையை விட்டவை எடுக்கவே இல்லை. அக்கா சொன்னார், 'எங்க வீட்டுக்காரரு கூட நான் வச்ச சாப்பாட்டை இப்படித் தின்னதில்லப்பா.' வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் பழகிவிட்டது. முட்டை குறையவில்லை, ஓடு மெலியவில்லை, கோழி சோரவில்லை. எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதுதான் நான் என் மச்சானிடம் சாக்கு அச்சடிக்கக் கொடுத்தேன்.

மச்சான், எழுந்து நில்லுங்கள். பரவாயில்லை, நில்லுங்கள். இவர்தான் என் வீட்டம்மாவின் அண்ணன். சாக்கு அச்சடிப்பவர். தமிழில் ஒற்றுப்பிழை கண்டால் அன்று இரவு சாப்பிட மாட்டார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், யாருக்குக் கல்யாணம் என்று பார்க்க மாட்டார். பேனாவை எடுத்துத் திருத்தித் திருப்பிக் கொடுப்பார். உட்காருங்கள் மச்சான்.

இவரிடம் நான் எழுதிக் கொடுத்தது 'புழு தீவனம்.' எனக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். இவர் பார்த்தார், பதறினார். 'மாப்ளே! நடுவுல த் வரணும். புழுத் தீவனம். த் இல்லாம நான் அச்சடிக்க மாட்டேன்' என்றார். 'அப்ப போடுங்க மச்சான்' என்றேன். இதில் என் பிழை உண்டா? இல்லை. கணினியில் எழுத்தை அடிப்பது இவர் மகள். அந்தப் பெண்ணும் அப்பாவைப் போலவே. தாளைப் பார்த்ததுமே, யாரும் சொல்லாமலே, தானாகவே ஒரு த் சேர்த்து, 'புழுத் தீவனம்' என்று அழகாக அடித்துவிட்டாள். அவள் பிழை உண்டா? இல்லை. அந்த நேரம் பார்த்து மச்சான் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் நின்று கத்துகிறார், 'ஏம்மா, அதுல ஒரு த சேரு!' மகள் யோசிக்கிறாள். த் இருக்கிறது. அப்பா த கேட்கிறார். அப்பா தமிழில் தவறமாட்டார். சேர்த்துவிட்டாள். தந்தை சொல்லைத் தட்டாத பிள்ளை!

தலைவர் அவர்களே! ஒருவர் திருத்தியிருந்தால் தமிழ் தப்பித்திருக்கும். இருவர் திருத்தியதால் தீவனம் புழுத்துவிட்டது.

த! ஒரு த! தமிழுக்கு முதலெழுத்து த. தந்தைக்கும் அதுவே முதலெழுத்து, தாய்க்கு அதன் இனம். தண்ணீருக்கும் தவிட்டுக்கும் தலைவருக்கும் அதுதான் தலையெழுத்து. ஊருக்கெல்லாம் உதவிய அந்த எழுத்து, என் சாக்கில் வந்து உட்கார்ந்து என்னை உட்காரவைத்துவிட்டது. 'புழுத் தீவனம்' என்றால் புழுவால் ஆன தீவனம். 'புழுத்த தீவனம்' என்றால், கெட்டு, மக்கி, நெளிந்து, கீழே கொட்ட வேண்டிய தீவனம். நடுவில் இருப்பது ஓர் எழுத்து.

யாரும் பார்க்கவில்லையா என்று கேட்கிறீர்கள். பார்த்தார்கள். சாக்கில் தீவனம் நிரப்பும் ஆள் படித்தார். 'சரியாத்தானே போட்டிருக்கு அண்ணே, உள்ள புழுதானே இருக்கு' என்று தைத்துவிட்டார். நானும் பார்த்தேன். சிவப்பு நல்ல சிவப்பாக வந்திருக்கிறது என்று பார்த்தேன்.

பிறகு மழை வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் வேனில் முட்டை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். தார்ப்பாய் கிழிந்திருந்தது. வெறும் சாக்கு நாலைந்து கிடந்தது. முட்டை அட்டைகள் நனையாமல் இருக்க, பொறுப்பான மனிதர், சாக்கை விரித்துப் போர்த்தினார். எழுத்து வெளியே தெரிகிற மாதிரி போர்த்தினார். கடைத்தெரு நடுவில், கூட்டம் மழைக்கு ஒதுங்கி நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினார். முட்டைக் குவியல். அதன் மேல் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'புழுத்த தீவனம்.' கீழே என் கடைத் தொலைபேசி எண்.

கைபேசி இல்லாத கை அங்கே ஒன்றுகூட இல்லை. அத்தனை பேரும் படம் எடுத்தார்கள். மழை விடுவதற்குள் படம் எனக்கே வந்துவிட்டது. அனுப்பியவர் கீழே எழுதியிருந்தார்: 'உண்மையைச் சொல்லி விற்கும் முதல் கம்பெனி.'

மறுநாள் மொத்த வியாபாரி அண்ணனைக் கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார்: 'அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க முட்டையை வச்சா என் மத்த முட்டையும் நிக்குது. கொஞ்ச நாள் பொறுங்க.' அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். 'அம்மா' என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் பொறுங்கள் என்று யாரிடம் சொல்வது? அக்காவிடம் சொல்லலாம். கோழியிடம் சொல்ல முடியுமா? சங்கம் கூடும், தீர்மானம் வரும், அதுவரை முட்டையிடாதே என்று எந்தக் கோழியின் காதில் போய்ச் சொல்வது? கோழிக்குக் காது எங்கே இருக்கிறது என்பதே நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது. அது இட்டுக்கொண்டே இருந்தது. போய்ப் பாருங்கள் அந்த வீட்டை! கட்டிலுக்கு அடியில் முட்டை. கட்டிலுக்கு மேல் முட்டை. தொலைக்காட்சிக்கு முன்னால் முட்டை. பிள்ளைகள் முட்டைகளுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை விட்டு, நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அவருக்கு இடமில்லை.

முட்டை போகவில்லை என்றால் தீவனம் வாங்க முடியாது. தீவனம் இல்லை என்றால் கோழி நிற்காது. இந்தக் கணக்கு இங்கே இருக்கும் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா கறிக்கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். நாளைக் காலை லாரி. நேற்று அவர் கொட்டகைக்குப் போனேன். தண்ணீர்க் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். 'நாளைக்குப் போற கோழிக்கு எதுக்கு அக்கா குழாய் கழுவுறீங்க' என்று கேட்டேன். 'இன்னைக்கு இருக்குல்ல' என்றார்.



அவையோரே! இப்போது என் கையில் இருப்பது என்ன? நன்றாகப் பாருங்கள். வரும் வழியில் ஒரு கடையில் வாங்கினேன். முன்வரிசை அண்ணனின் சொந்தப் பெட்டி. 'மேய்ச்சல் கோழி முட்டை.' சாதாரண முட்டையைவிட விலை கூடுதல். கூடுதல் என்றால் நல்ல கூடுதல். ஏன் அண்ணே கூடுதல்? மண்ணைக் கிளறி, திறந்தவெளியில், இயற்கையாக மேய்ந்த கோழி என்பதால் கூடுதல். பெட்டியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நான் ஒன்றுதான் கேட்கிறேன். மண்ணைக் கிளறிக் கிளறிக் கோழி எதைத் தேடுகிறது? தொலைத்த சாவியையா?

அண்ணன், 'புல்லு' என்கிறார். சரி. பெட்டியில் ஒரு படம் இருக்கிறது. அழகான கோழி. அதன் வாயில் ஏதோ தொங்குகிறது. ரோஸ் நிறத்தில், நீளமாக, நெளிந்து தொங்குகிறது. புல் ரோஸ் நிறத்தில் முளைக்கும் ஊர் எனக்குத் தெரியாது. நூடுல்ஸ் என்றால், அதை மண்ணுக்குள் யார் புதைத்தார்? இந்தப் படத்தை வரைந்தவரையே கேட்டுவிடுவோம். இந்தப் பெட்டியும் என் மச்சான் அச்சகத்தில்தான் அடித்தது. மச்சான், அது என்ன?

'புழுதான் மாப்ளே! நல்லா தெரியணும்னுதான் ரோஸ் போட்டேன்!'

நன்றி மச்சான். இந்த முறை நீங்கள் எதையும் கூடுதலாகச் சேர்க்கவில்லை.

பெரியோர்களே! தாய்மார்களே! கேளுங்கள்! மண்ணில் கிடைத்தால் இயற்கை. மூட்டையில் கிடைத்தால் அருவருப்பா? கோழி தேடித் தின்றால் பெருமை. நான் தேடிக் கொடுத்தால் சிறுமையா? படத்தில் இருந்தால் பகட்டு. பாத்திரத்தில் இருந்தால் பாவமா? இத்தனை காலம் அண்ணன் கூடுதல் விலை வாங்கியது எதற்கு? புழுவுக்கு! ஊரார் கூடுதல் விலை கொடுத்தது எதற்கு? புழுவுக்கு! புழுவைத் தின்ற கோழியின் முட்டையைத் தேடித் தேடி வாங்கிய ஊர், புழுவைத் தின்ற கோழியின் முட்டையைக் கண்டு ஓடிய விந்தையை என்னவென்று சொல்வேன்!

சிரிக்காதீர்கள். அண்ணனும் சிரிக்கிறார், சரி, சிரியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீன்தூளில் மணல் கலந்து வந்ததே, அந்தச் சாக்கில் 'மணல்' என்று எழுதியிருந்ததா? புண்ணாக்கில் உமி கலந்து வருகிறதே, அந்தச் சாக்கில் 'உமி' என்று எழுதியிருக்கிறதா? அதற்கெல்லாம் இந்தச் சங்கம் என்றைக்காவது தீர்மானம் போட்டதுண்டா? ஒளித்தவன் விற்கிறான், சொன்னவன் நிற்கிறான்! அக்கா ஒளித்திருக்கலாம். சாக்கைத் திருப்பிப் போட்டிருக்கலாம். 'அது எங்க சாக்கே இல்ல' என்று சத்தியம் பண்ணியிருக்கலாம். கடைக்காரர் தொலைபேசியில் கேட்டபோது என்ன சொன்னார் தெரியுமா? 'புழுதான் போடறேன். புழுத்தது போடல.' அவ்வளவுதான் சொன்னார். சொன்னதற்குத்தான் நாளை லாரி வருகிறது. சொல்லி விற்றதற்கு இதுதான் தண்டனை என்றால், நாளையிலிருந்து இந்த ஊரில் எவனும் எதையும் சொல்லமாட்டான். நீங்கள் கை தூக்கினால், என் கடைக்கு எதிராக மட்டும் தூக்கவில்லை; மணல் மூட்டைக்கு ஆதரவாகத் தூக்குகிறீர்கள். இப்போது தூக்குங்கள் பார்ப்போம்!

ஒரு கை எழுந்திருக்கிறது. அண்ணனுடைய கை. தீர்மானத்துக்காக இல்லையாம், பேசுவதற்காம். மைக் அங்கே வராது, ஒயர் குட்டை. நான் திருப்பிச் சொல்கிறேன். 'சரிய்யா, எடுத்துக்கறேன். ஆனா பேரு கெட்டுப்போச்சு. கொஞ்சம் குறைச்சுத்தான் எடுக்க முடியும்.' முறையான வியாபாரப் பேச்சு. குறை சொல்ல முடியாது. நான் அவர் இடத்தில் இருந்தால் இன்னும் குறைத்துக் கேட்டிருப்பேன். அக்கா, என்ன சொல்கிறீர்கள்?

அக்கா எழுந்துவிட்டார். அக்காவுக்கு மைக் தேவையில்லை. ஆனாலும் கதவோரத் தம்பிமார்களுக்காகச் சொல்கிறேன். 'குறைச்சு வாங்கினா, புழுத்ததுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அதுக்கு லாரியே வரட்டும்.'

அக்கா, கொஞ்சம் யோசித்து...

'நீ சும்மா இரு. உன் சாக்குலதான் இவ்வளவும் வந்துச்சு.'

சும்மா இருக்கிறேன். ஒலிபெருக்கி முன்னால் சும்மா இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, இருந்தாலும் முயல்கிறேன்.

அண்ணன் கேட்கிறார்: 'அதே விலைக்கு எடுத்து, கடைக்காரன் திருப்பி அனுப்பிட்டா? யார் தலையில கட்டறது?' நல்ல கேள்வி. என் தலையில் கட்டுங்கள் அண்ணே. திரும்பி வருகிற முட்டை எல்லாம் என் கடைக்கு வரட்டும். அதோ, என் வீட்டம்மா என்னைப் பார்க்கிறார். எங்கள் வீட்டில் இனி என்ன சமையல் என்று இந்தச் சபைக்கே தெரிந்துவிட்டது.

முட்டை அட்டையின் மேல் எழுத்து என்ன போடுவது? மச்சான் எழுந்து, 'பூச்சிப் புரதத் தீவனம்னு போட்டா கௌரவமா இருக்கும்' என்கிறார். அண்ணனுக்கும் புரதம் பிடித்திருக்கிறது. அக்கா தலையை ஆட்டுகிறார், குறுக்காக ஆட்டுகிறார். 'புரதம்னா என்னன்னு கேப்பாங்க. புழுன்னு சொல்லணும். அப்ப, முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. நேரா புழுன்னே போடு.' அண்ணன் கொஞ்சம் யோசிக்கிறார். பெட்டியைப் பார்க்கிறார். 'பெட்டியில புழுப் படம் ஏற்கெனவே போயிட்டுத்தான் இருக்கு. எழுத்தும் போகட்டும்' என்கிறார்.

தலைவர் தீர்மானத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். செயலாளர் அதற்கு முன்பே தலையசைத்துவிட்டார்.

ஆகவே, என்னைப் பேசவிட்ட தலைவருக்கு நன்றி. என் பேச்சுக்கு நடுவில் எழுந்து போகாமல், எழுந்து பேரம் பேசிய அண்ணனுக்கு நன்றி. சிரித்தவர்களுக்கு நன்றி, சிரிப்பை அடக்கிக்கொண்ட மூத்தோர்களுக்கு இன்னும் நன்றி. உங்கள் கொட்டகைகள் நிறையட்டும், உங்கள் கட்டிலுக்கு அடி காலியாக இருக்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.

இறங்குவதற்கு முன், பேசி முடித்ததை எல்லோர் காதிலும் ஒருமுறை போட்டுவிடுகிறேன். நாளை யாரும் மாற்றிப் பேசக் கூடாது. கறிக்கடை லாரிக்கு இப்போதே தொலைபேசி போகிறது. நாளைக் காலை அக்கா வாசலில் வந்து நிற்பது அண்ணனின் முட்டை வண்டி. அக்காவின் முட்டை மேய்ச்சல் முட்டைப் பெட்டியில் போகாது. அக்காவின் கோழி கொட்டகைக் கோழி, பொய் வேண்டாம். சாதாரண அட்டை, மேலே ஒரு சீட்டு, 'புழுத் தீவனம் தின்ற கோழியின் முட்டை' என்று. அதை அக்கா படித்துத் தலையசைத்த பிறகுதான் மச்சான் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். அச்சுச் செலவில் பாதி மச்சான், பாதி நான். விற்காமல் திரும்பும் முட்டை, எடுத்த விலைக்கே என் கணக்கில். வீட்டில் தேங்கிக் கிடப்பதில் நல்லதை மட்டும் அண்ணன் பொறுக்கி எடுத்துக்கொள்வார், மீதி எனக்கு. விலை, இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோருடைய முட்டைக்கும் அன்றைக்கு என்ன விலையோ, அந்த விலை.